பறிக்காத வரிசை

அரவேணுவில் இருக்கும் தர்ஷினிக்கும் கௌதமுக்கும், பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கும் யாழினிக்கும், உங்கள் இருவருக்கும் சித்தப்பாவும் இவளுக்கு அப்பாவுமான நான் எழுதுவது.

1

போன ஞாயிற்றுக்கிழமை என்னிடம் இரண்டு பேர் இரண்டு கேள்வி கேட்டார்கள். இரண்டுக்கும் பதில் சொல்லாமல் ஒரு வாரத்தை ஓட்டிவிட்டேன். இனிமேல் ஓட்ட முடியாது.

முதலில் கேட்டது யாழினி. அயர்லாந்தில் பிறந்து, இங்கேயே வளர்ந்து, இப்போது பதின்மூன்று வயதாகிற என் மகள். பள்ளிக்கூடத்தில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். வீட்டில் இருக்கும் பெரியவர் ஒருவரிடம், அவர் வாழ்நாளில் பார்த்த ஒரு போரைப் பற்றிக் கேட்டு எழுத வேண்டும். ஏன் தொடங்கியது, யார் யார் எந்தப் பக்கம், எப்படி முடிந்தது. மூன்றே கேள்வி. ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கு கோடு போட்டிருந்தது.

நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, நீங்க போர் பாத்திருக்கீங்களா?"

"இல்ல கண்ணு. நம்மூர்ல ஏது போரு? குளுரு, தேயிலை, காட்டெருமை. அவ்வளவுதான்."

"நிஜமாவா? என் கிளாஸ்ல எல்லாருக்கும் ஏதாவது இருக்கு. பக்கத்துல உக்கார்ற பொண்ணு சிரியால இருந்து வந்தவ. இன்னொருத்தியோட தாத்தா ஜெயில்லயே இருந்திருக்காரு. நமக்குத்தான் ஒண்ணுமே இல்ல."

குறைப்பட்டுக்கொள்கிற மாதிரிதான் சொன்னாள். பிறகு பேனாவை எடுத்து மூன்று கேள்விக்கும் சேர்த்து, ஒன்றும் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரே வார்த்தையாக எழுதி மூடி வைத்துவிட்டாள்.

இரண்டாவது கேள்வி மத்தியானம் கைபேசியில் வந்தது. தர்ஷினி, நீ அனுப்பியது. "சித்தப்பா, அப்பாவுக்கு வருசத் திதி வருதுங்க. அம்மா கேக்கச் சொன்னாங்க. அதுக்குள்ள அந்த வரிசைய வெட்டிரலாமுங்களா? நீங்க சரின்னு சொன்னாத்தான் கை வெப்போம்."

நான் அதைப் படித்துவிட்டு யாழினி மூடி வைத்த தாளைப் பார்த்தேன். அவளிடம் நான் பொய் சொல்லியிருக்கிறேன். நான் ஒரு போரைப் பார்த்திருக்கிறேன். அதைத் தொடங்கினவர்களில் நானும் ஒருவன்.

2

யாழினிக்கு எதுவும் தெரியாது. அதனால் அடியிலிருந்து சொல்கிறேன். தர்ஷினியும் கௌதமும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து மலையேறி வந்து, தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, அரவேணுவுக்குக் கீழே ஒரு சரிவில் இரண்டு ஏக்கர் வாங்கினார். நானும் அண்ணனும் தலையெடுத்த பிறகு அதை வாய்ச்சொல்லாகவே இரண்டாகப் பிரித்தார். மேல்பக்கம் அண்ணனுக்கு. கீழ்ப்பக்கம் எனக்கு. நடுவில் ஒரு வரிசைத் தேயிலை, சரிவின் குறுக்கே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. அதை மட்டும் அவர் யாருக்கும் கொடுக்கவில்லை.

"ஒரு சுத்துக்கு மேலூட்டுக்காரன் பறிக்கட்டும், அடுத்த சுத்துக்குக் கீழூட்டுக்காரன் பறிக்கட்டும்" என்றார். "எவனுக்குக் குடுத்தாலும் இன்னொருத்தனுக்கு மனசு நோகும்."

தேயிலையைப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பறிப்பார்கள். அதுதான் ஒரு சுற்று. அப்படி மாற்றி மாற்றிப் பறித்துக்கொண்டிருந்தோம். அந்த வரிசையின் நடுவே ஒரு ஆள் நுழைகிற அளவு சந்து விட்டு, மண்ணை வெட்டி எட்டுப் படி வைத்திருந்தார் அப்பா. அண்ணன் வீட்டிலிருந்து கீழே ரோட்டுக்கு வர அதுதான் குறுக்கு வழி. என் நிலத்தின் வழியாகத்தான் வர வேண்டும். யாரும் யாரையும் கேட்டதில்லை.

யாழினி, தேயிலை செடி இல்லை, மரம். நாம் பறித்துப் பறித்து, நான்கைந்து வருஷத்துக்கு ஒரு தடவை கத்தியால் தாழ வெட்டி, இடுப்பு உயரத்திலேயே வைத்திருப்பதால் செடி மாதிரித் தெரிகிறது. அந்த வெட்டுக்குக் கவாத்து என்று பேர். கவாத்து செய்தால் மூன்று நான்கு மாதம் இலை இருக்காது, வெறும் குச்சிதான். பிறகு முன்னைவிட நன்றாகத் துளிர்க்கும். பறிக்காமலும் வெட்டாமலும் விட்டால் அது பாட்டுக்கு வளர்ந்து, வீட்டுக் கூரையைத் தாண்டி நிற்கும்.

3

யாழினி, அப்பா இறந்த மறு வருஷம் உன் அம்மா சுமதிக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்து நாங்கள் கிளம்பினோம். என் பங்கைச் சுமதிக்குச் சித்தப்பா மகனான சின்னச்சாமி மச்சானிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தேன். நான் பிளஸ் டூ கூட முடிக்காதவன். எனக்கு இங்கே ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. படுக்கை விரிப்புகளைப் பிரிப்பது, துவைப்பது, மடிப்பது. பதினைந்து வருஷமாக அதேதான்.

வந்த நாலாவது வருஷம் ஒரு நாள், சாப்பாட்டு நேரத்தில் மச்சான் ஒரு போட்டோ அனுப்பினார். நடு வரிசை முழுக்க வெட்டி, குச்சி குச்சியாக நின்றது. கூடவே போன் வந்தது.

"மாப்ள, பாத்தீங்களா? உங்க அண்ணன் பண்ணுன வேலைய."

"என்ன மச்சான் இது?"

"உங்க சுத்து வர்ற நேரம் பாத்து மொட்டையடிச்சுட்டாருங்க. கவாத்து பண்ணி மூணாம் வருசச் செடி மாப்ள. நல்லாத் துளுத்து நிக்கிற செடிய எவனாச்சும் வெட்டுவானா? ஒத்த வார்த்த கேக்கல. நீங்க ஊர்ல இல்லீன்னு எளக்காரம்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. சலவை இயந்திரத்தின் சூடு என்று முதலில் நினைத்தேன். அண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கலாம். நம்பர் கையில்தான் இருந்தது. கேட்கவில்லை. கேட்டால் அவர் ஏதாவது காரணம் சொல்லுவார், அது சரியாகக்கூட இருந்துவிடும் என்று மனதின் ஒரு மூலையில் பயம் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. கோபம் வந்த பிறகு அதைக் கையைவிட்டுக் கொடுக்க மனம் வரவில்லை.

அதற்குப் பதில் அத்தை மகனுக்குப் போட்டேன். பெரிய மாமாவுக்குப் போட்டேன். அந்த வாரத்திலேயே எட்டுப் பத்துப் பேரிடம் சொல்லிவிட்டேன். மச்சான் மூலமாகத் தாலுகா ஆபீசில், நிலத்தை அளந்து கொடுக்கச் சொல்லி அண்ணன் மேல் ஒரு மனுவும் கொடுக்க வைத்தேன். அந்தப் போட்டோவில் வரிசைக்கு அந்தப் பக்கம் என்ன இருந்தது என்று தெரியாது. மச்சான் அது வரைக்கும்தான் எடுத்திருந்தார்.

4

ஏழெட்டு மாதம் கழித்து லீவில் வந்தேன். யாழினி, உனக்கு இரண்டு வயது. தர்ஷினி, உனக்கு ஆறு இருக்கும். உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இல்லாமல் இருந்தால் நல்லது.

வண்டியை விட்டு இறங்கியதும் சரிவைப் பார்த்தேன். அண்ணன் பங்கு முழுவதும், மேலே கடைசிச் செடி வரைக்கும், நடு வரிசையோடு ஒரே மட்டத்தில் துளிர்த்து நின்றது. தேயிலை பார்த்து வளர்ந்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர் நடு வரிசையை மட்டும் வெட்டவில்லை. தன் பங்கு முழுக்கக் கவாத்து செய்திருக்கிறார், அதோடு சேர்த்து இதையும் செய்திருக்கிறார். என் ஆளைச் சிரமப்படுத்தாமல் அவரே கூலி போட்டுச் செய்திருக்கிறார்.

பார்த்தேன். பார்த்துவிட்டும் மேலே நடந்தேன். ஏனென்றால் எட்டுப் பத்துப் பேர் எனக்காக வந்து நின்றிருந்தார்கள்.

அண்ணன் கையில் கவாத்துக் கத்தியோடு வந்தார். அப்பாவுடைய கத்தி. வேலையிலிருந்து அப்படியே வந்தார், வேறொன்றுமில்லை. மச்சான் அதையும், "பாருங்க, கத்தியோட வர்றாரு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

"வாடா" என்றார் அண்ணன். "ஊட்டுக்கு வராம இங்க எதுக்கு நிக்கற? சுமதி, புள்ளையத் தூக்கிட்டு உள்ள போம்மா, பனி எறங்குது."

"ஊடு கெடக்கட்டுங்கண்ணா. மூணாம் வருசச் செடிய எதுக்கு வெட்டுனீங்க?"

"எது மூணாம் வருசம்?"

"இந்த வரிசை."

அவர் சிரித்தார். கேலி இல்லை. நான் தப்பாகக் கணக்குப் போட்டால் பள்ளிக்கூட நாளில் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு.

"டேய், கடைசியா இத வெட்டுனது அப்பா. நீயும் பக்கத்துல நின்னு கொப்பு பொறுக்குன. அவரு போயே அஞ்சு வருசமாச்சு. எண்ணிப் பாரு."

நான் எண்ணிப் பார்த்தேன்.

இதுவரைக்கும் யாரிடமும் சொல்லாததை இப்போது சொல்கிறேன். நான் அங்கே நின்று எண்ணினேன். அப்பா குல்லாய் போட்டுக்கொண்டு அந்த வரிசையில் குனிந்து வெட்டியது, இருமல் வந்து நடுவில் உட்கார்ந்தது, நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தது எல்லாம் கண்ணில் வந்தது. அண்ணன் சொல்வது சரி. நான் சொன்னது தப்பு. இது எனக்கு அந்த நிமிஷமே தெரியும். என்னோடு நின்றவர்கள் எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஆமாங்கண்ணா, மறந்துட்டேன்" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். உள்ளே போய் டீ குடித்திருப்போம்.

நான் சொன்னது வேறு.

"அப்பாவ நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா, அவரே வந்து சாட்சி சொல்லியிருப்பாரு."

அப்பாவை மூன்று மாதம் தூக்கிக் குளிப்பாட்டியவர் அண்ணன். கோயமுத்தூருக்கு நாலு தடவை கொண்டுபோனவரும் அவர்தான். நான் கோத்தகிரியில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போனவன்.

அண்ணன் கத்தியைக் கீழே வைத்தார். வரிசையை ஒரு தடவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார். "இனி இதுல நான் ஒரு கொழுந்து கிள்ள மாட்டேன். நீயும் கிள்ளக் கூடாது" என்றார். மேலே நடந்து போய்விட்டார். அதுதான் நாங்கள் பேசிய கடைசிப் பேச்சு.

மறுநாள் போலீஸ் ஸ்டேஷனில் இரண்டு பேரிடமும் எழுதி வாங்கினார்கள், அளந்து முடியும் வரைக்கும் நடு வரிசையில் யாரும் கால் வைக்கக் கூடாது என்று. சர்வேயர் வந்த நாளில் நான் ஊரில் இல்லை, இன்னொரு நாள் அண்ணன் வரவில்லை. அளக்கவே இல்லை.

5

யாழினி, போர் எப்படி நடக்கிறது என்று உன் தாளில் கேட்கவில்லை. அதற்கும் ஒரு நான்கு கோடு விட்டிருக்கலாம்.

சண்டை போட இரண்டு பேர் போதும். அதை வருஷக்கணக்கில் வைத்திருக்க ஊர் வேண்டும். "உங்கண்ணன் உங்களப் பத்தி இப்பிடிச் சொன்னாராமே" என்று சொல்ல ஆள் வேண்டும். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. எனக்கு ஆதரவாக இருப்பதாகத்தான் நினைத்தார்கள். நானும் அப்படிச் சொல்கிறவர்களிடம் மட்டும்தான் பேசினேன். "விடுங்க மாப்ள, அண்ணன்தானே" என்று சொன்ன ஒரே ஒரு பெரியவருக்கு அதற்குப் பிறகு நான் போன் போடவே இல்லை.

அடுத்தது, மேலிருந்து வந்த ஊற்றுத் தண்ணீர்க் குழாயை யாரோ திருப்பிவிட்டார்கள். அடுத்தது, படிகளுக்கு மேல் முள் வைத்தார்கள். யார் வைத்தது என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அவர்கள் வைத்ததாக எனக்குச் சொன்னார்கள், நாங்கள் வைத்ததாக அண்ணனுக்குச் சொல்லியிருப்பார்கள். கல்யாணங்களுக்கு ஒருவர் காலையில் போனால் மற்றவர் சாயங்காலம் போனார். சொந்தக்காரர்கள் அதற்குத் தகுந்தபடி பந்தி நேரத்தைச் சொல்லப் பழகிக்கொண்டார்கள்.

இங்கே நான் என்ன செய்தேன் தெரியுமா? எங்கள் கல்யாண ஆல்பத்தில் உன் பெரியப்பா என் தோளில் கை போட்டு நிற்கிற படம் ஒன்று இருக்கிறது. ஐந்து வயதில் நீ அதைக் காட்டி, "இது யாரு?" என்று கேட்டாய். "ஊர்க்காரரு" என்றேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் பாத்திரம் கழுவப் போனாள். நீ பக்கத்தைத் திருப்பிவிட்டாய்.

நீ தமிழ் பேசுவதைக் குறைத்துக்கொண்டாய் என்றும், "உங்க பாஷை, உங்க ஊரு" என்று பிரித்துச் சொல்கிறாய் என்றும் உன்னை நான் திட்டியிருக்கிறேன். பேசுவதற்கு ஒரு அக்காவும் ஒரு அண்ணனும் உனக்கு அங்கே இருந்தார்கள். அவர்களை உனக்கு இல்லாமல் ஆக்கியது நான்.

6

இங்கே எங்கள் ஊரிலிருந்து பத்து மைலில் ஒரு எல்லை இருக்கிறது. இந்தத் தீவை இரண்டு நாடாகப் பிரிக்கிற எல்லை. அதற்காக முப்பது வருஷம் ஒருவரை ஒருவர் கொன்றிருக்கிறார்கள். இப்போது அங்கே ஒரு கேட்டுகூட இல்லை. ரோட்டோரக் கோடு இந்தப் பக்கம் மஞ்சள், அந்தப் பக்கம் வெள்ளை. அவ்வளவுதான்.

சலவைத் துணி வண்டி ஓட்டுகிற டெக்லன் என்கிற வயதானவருடன் சில நாள் உதவிக்குப் போவேன். எல்லையைத் தாண்டி ஒரு முதியோர் இல்லத்தில் மூட்டைகளை இறக்க வேண்டும். என்னிடம் இருக்கிற அனுமதி இந்தப் பக்கத்துக்கு மட்டும். அந்தப் பக்கம் போக வேறு விசா வேண்டும். அதனால் கடைசிப் பெட்ரோல் பங்கில் என்னை இறக்கிவிட்டு அவர் மட்டும் போய் வருவார். அந்த அரைமணி நேரம் நான் நின்று, அந்த நாட்டு மாடுகள் இந்த நாட்டுப் புல்லைத் தின்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் அவரிடம் கேட்டேன், "யாருங்க தொடங்குனது?" அவர் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"எந்த ஊட்டு அடுப்படியில உக்காந்து கேக்கறேங்கறதப் பொறுத்தது."

"சரி, எப்படி நின்னுச்சு?"

கியரை மாற்றினார். "களைச்சுப் போனாங்க. அப்புறம் ரெண்டு பக்கமும் சில பேர், பேசமாட்டோம்னு சத்தியம் பண்ணினவங்க கூடவே உக்காந்து பேசினாங்க. அதுக்கு அவங்கவங்க ஆளுங்ககிட்டயே திட்டு வாங்கினாங்க. எங்க அப்பாவும் அவங்க அண்ணனும் மட்டும் பேசல. எங்க பெரியப்பா எங்கே பொதைச்சாங்கன்னு எனக்கு இன்னும் தெரியாது."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அண்ணனின் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு சாப்பிடக் கூப்பிட்டார்கள். எழுந்து போய்விட்டேன். அது அவர் இறப்பதற்கு ஒரு வருஷம் முன்னால்.

7

போன வருஷம் சுமதி வேலையிலிருந்து பாதியில் வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் நின்றாள். "மாமா போயிட்டாருங்க. நெஞ்சு வலி. அக்கா போன் பண்ணுனாங்க" என்றாள்.

"எந்த அக்கா?"

"எந்த அக்காவா? உங்க அண்ணி."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பத்து வருஷமாக, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கும் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். இங்கே எனக்குத் தெரியாமல், அங்கே அண்ணனுக்குத் தெரியாமல். தர்ஷினிக்கு அம்மை போட்டது, கௌதம் கை ஒடிந்தது, எல்லாம் சுமதிக்குத் தெரிந்திருந்தது. அவளைக் கோபித்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

உடனே கிளம்பியிருக்க வேண்டும். என்னுடைய குடியிருப்பு அட்டை அந்த மாதம் காலாவதியாகி, புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். அது இல்லாமல் வெளியே போனால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள். குடியேற்ற ஆபீசில் போய் நின்றேன். அவசரத்துக்கு வழி இருக்கிறது, இறந்தவர் உங்களுக்கு நெருங்கிய உறவு என்று காட்டினால் போதும் என்று அங்கே இருந்த பெண் மரியாதையாகத்தான் சொன்னாள்.

"சகோதரர்" என்றேன்.

"ஏதாவது காகிதம் இருக்கிறதா? சேர்ந்து எடுத்த படம், கடிதம், கைபேசிச் செய்திகள், எதுவானாலும்."

கைபேசியில் அண்ணனிடமிருந்து ஒரு செய்திகூட இல்லை. இருந்தது ஒரு கல்யாணப் படம், அதில் பெயர் எழுதியிருக்காது. அவர் இனிஷியலும் என் பாஸ்போர்ட்டில் இருக்கிற இனிஷியலும் வேறு வேறு மாதிரி. வீட்டுக்கு வந்து பெட்டியைக் கவிழ்த்துத் தேடினேன். எங்கள் இரண்டு பேர் பெயரும் சேர்ந்து இருக்கிற காகிதம் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தாலுகா ஆபீசில் கொடுத்த மனுவின் நகல். அதில் அண்ணன் பெயருக்கு நேரே, எதிர்மனுதாரர், மனுதாரரின் உடன்பிறந்த தமையன் என்று எழுதியிருந்தது.

அதைத்தான் மொழிபெயர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் என் அண்ணன் என்பதற்கு, நான் அவர் மேல் போட்ட பிராதுதான் அத்தாட்சி. அந்தப் பெண் இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் முத்திரை குத்தினாள். தேதி கொடுத்தாள். அந்தத் தேதிக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரிந்திருக்கும்.

அண்ணனை எடுக்கிறபோது கைபேசியில்தான் பார்த்தேன். பக்கத்து வீட்டு ரங்கண்ணன் போனைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கௌதம், உன் முதுகு மட்டும் தெரிந்தது. பதினாலு வயசில் அந்த ஈர வேட்டியோடு. பாடையைத் தூக்கினார்கள். குறுக்கே, எட்டுப் படி வழியாக, என் நிலத்தில் இறங்குவார்கள் என்று நான் காத்திருந்தேன். இறங்கவில்லை. வலது பக்கம் திரும்பி மேலே ஏறத் தொடங்கினார்கள். மழை பெய்த மண்ணில் கால் வழுக்கியது. ஒரு இடத்தில் பாடை சாய்ந்து, யாரோ ஓடிப்போய்த் தோள் கொடுத்தார்கள்.

"ரங்கண்ணா, ஏன் சுத்திப் போறாங்க? குறுக்க எறங்கலாமில்ல?"

"குறுக்க எங்கீங்க தம்பி வழி?"

"அதென்னங்கண்ணா, பின்னால கறுப்பா? காடு மாதிரி?"

அவர் போனை அந்தப் பக்கம் திருப்பிக் காட்டினார். "காடு இல்லீங்க தம்பி. உங்க வரிசைதான்."

இரண்டு ஆள் உயரத்துக்கு மேல், சுவர் மாதிரி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும். உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. தேயிலை பூத்து நான் அதுவரை அவ்வளவாகப் பார்த்ததில்லை. பறிக்கிற செடியை அப்படிப் பூக்க விடமாட்டோம்.

முக்கால் மணி நேரம் சுற்றிக்கொண்டு போனார்கள். நான் முழுக்கப் பார்த்தேன்.

8

அட்டை மூன்று வாரத்தில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு வருஷமாக நான் வராததற்கு எந்த ஆபீசும் காரணம் இல்லை. உங்கள் முகத்தில் முழிக்கப் பயமாக இருந்தது.

யாழினி, உன் தாளுக்குப் பதில் சொல்கிறேன். ஏன் தொடங்கியது? ஒருவன் எண்ணிப் பார்க்காததால் தொடங்கியது. எண்ணிப் பார்த்த பிறகும் நின்றுவிடவில்லை, ஏனென்றால் தப்பு என்று ஒத்துக்கொள்வதைப் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரிய நாடுகளுக்கு வேறு பெரிய காரணங்கள் இருக்கும், எனக்கு அவ்வளவு படிப்பில்லை. ஆனால் டிவியில் இடிந்த வீடுகளைக் காட்டும்போதெல்லாம், எங்கேயோ ஒருவனுக்கு உண்மை முதல் நாளே தெரிந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

யார் யார் எந்தப் பக்கம்? நீயும் தர்ஷினியும் கௌதமும் ஒரு பக்கம். நாங்கள் எல்லோரும் இன்னொரு பக்கம்.

எப்படி முடிந்தது? அந்த நான்கு கோட்டை இப்போதைக்கு விட்டு வை.

தர்ஷினி, இதை உன்னால் படிக்க முடியும். இவளால் முடியாது. தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூட நான் இவளுக்குச் சொல்லித் தரவில்லை. இவள் நம்பரைக் கீழே போட்டிருக்கிறேன். கூப்பிட்டு நீயே படித்துக் காட்டு. நான் படித்தால் சில இடத்தில் நிறுத்திவிடுவேன். புரியாத இடத்தில் கேட்பாள், சொல். இது உன் அப்பாவைப் பற்றியது. உனக்குப் படிக்க மனம் வராவிட்டாலும் நியாயம்தான். உன் அப்பாவிடம் நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு இன்றுதான் தெரிந்திருக்கும் என்றால், கௌதமிடம் நீ சொல்லும் முன் அம்மாவிடம் கேட்டுக்கொள்.

இனி நீ கேட்ட கேள்வி. வெட்டலாம் கண்ணு. என்னைக் கேட்க வேண்டியதே இல்லை. ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்ததையும், தாலுகாவில் இருக்கும் மனுவையும் வாபஸ் வாங்க இங்கேயே கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பிவிட்டேன். வரிசை இனி உங்களுடையது.

ஆனால் மரம் வெட்டுகிறவர்களைக் கூப்பிட்டு மொத்தமாக அடியோடு வெட்டிவிடாதீர்கள். பதினோரு வருஷம் பறிக்காத மரம். இலை முழுக்க ஒரே நாளில் போனால் தூர் காய்ந்துவிடும். ஒவ்வொரு மரத்திலும் ஒரே ஒரு கொப்பை இலையோடு விட்டு வையுங்கள், செடி அதை வைத்துத்தான் மூச்சு விடும். அடியில் துளிர் வந்த பிறகு அதையும் எடுத்துவிடலாம். கவாத்துக் கத்தி போதாது, மரம் தடித்திருக்கும், வாள் வேண்டும். சாய்த்து வெட்டச் சொல்லுங்கள், தண்ணீர் நிற்கக் கூடாது. இதெல்லாம் உன் அப்பாவுக்குத்தான் நன்றாகத் தெரியும். எனக்குச் சொன்னதே அவர்தான்.

நடுவில் எட்டுப் படி இருக்கும். வேர் ஓடி மூடியிருக்கும், தேடிப் பாருங்கள்.

திதிக்கு வருகிறேன். டிக்கெட் போட்டாயிற்று, யாழினியும் வருகிறாள். அந்தப் படியை நீங்கள் திறந்துவிட்டிருந்தால் அதில் ஏறி வருகிறேன். மனம் வரவில்லை என்றால் திறக்க வேண்டாம், அதற்காக நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். உங்கள் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போன வழியாகவே சுற்றிக்கொண்டு வருகிறேன்.